நல்ல வீட்டில் ஒரு பாய், ஒரு டம்ளர்

1949 பிப்ரவரியில் அண்ணாவின் 'வேலைக்காரி' படமாக வெளிவந்தது. ஜமீன்தார் மகனுக்கு வீட்டு வேலைக்காரப் பெண்மேல் காதல். அந்த வேலைக்காரப் பெண் அமிர்தமாக நடித்தவர் எம்.வி.ராஜம்மா. அதே ஆண்டு ஏப்ரலில் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் முதல்வரானார். இரண்டுக்கும் தொடர்பில்லைதான். ஆனாலும், அவர் பொதுமக்களுக்கென்று எழுதிக் கொடுத்த வீடு காந்தி கலை மன்றமாக நிற்கிறதே, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம் நினைவுக்கு வரும். குடியிருந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தவர் பிறந்த ஊர். அந்த ஊரில், ஒரே வீட்டில் முப்பது வருஷம் தங்கி வேலை பார்த்த பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன பாத்தியதை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

வீட்டு வேலைக்காரப் பெண்ணின் பிரச்சினைக்கு நம்முடைய சினிமா பெரும்பாலும் கண்ட தீர்வு கல்யாணம். முதலாளி மகன் கையைப் பிடித்தால் சாதியும் வர்க்கமும் ஒரே ரீலில் தீர்ந்துவிடும். மாசத்தில் எத்தனை நாள் லீவு, ராத்திரி எழுப்பினால் அதற்குக் கூலி உண்டா, அறுபது வயதுக்குமேல் சோற்றுக்கு என்ன வழி என்பதெல்லாம் படத்துக்கு ஆகாத சமாச்சாரங்கள். இந்தக் கட்டுரை அந்த ஆகாத சமாச்சாரங்களைப் பற்றியது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒன்று மில் ஊர், மற்றது கோயில் ஊர். மேற்கே மலை இரண்டுக்கும் பொது. இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நூற்பு மில்கள் இருக்கின்றன. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். நாட்டில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றும் துணி இங்கே தறியிலிருந்து இறங்கியதாக இருக்கலாம். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். கொஞ்சம் கிழக்கே போனால் சிவகாசி. தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம். எதுவும் இல்லாவிட்டால் நூறு நாள் வேலை. இத்தனையும் இருக்கும்போது ஒரு பெண் ஏன் இன்னொருவர் வீட்டில் போய், இரவும் பகலும் அங்கேயே இருந்து வேலை பார்க்க வேண்டும்?

வருகிறவர்களைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். புருஷன் செத்துப்போனவர். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டவர். கண் மங்கி, இனித் தறிக்கோ தீப்பெட்டிக்கோ ஆகமாட்டார் என்று ஆனவர். மகன் வீட்டுத் திண்ணையில் மருமகளின் முகத்தைப் பார்த்தே வயிறு நிரம்பிவிடுகிறவர். இவர்களுக்குச் சம்பளத்தைவிட முதலில் தேவைப்படுவது ஒரு கூரை. வேலையும் கூரையும் ஒரே கையிலிருந்து வரும்போது என்ன ஆகும்? மில்லில் வேலை போனால் வீடு மிஞ்சும். இங்கே வேலை போன அன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பது என்பதே பிரச்சினை. சம்பளம் கூட்டிக் கேட்க வாய் திறக்கும் முன் இது நினைவுக்கு வந்து வாயை மூடிவிடும்.

கொடுமையைப் பற்றி எழுதுவது சுலபம். 2024 ஜனவரியில் தமிழ்நாடே பேசியது: சென்னையில், பல்லாவரம் சட்டமன்ற உறுப்பினரின் மகன் வீட்டில் தங்கி வேலை பார்த்த 18 வயதுப் பெண், தன்னை அடித்தார்கள், சூடு வைத்தார்கள் என்று புகார் சொன்னார். பட்டியல் சாதிப் பெண், உளுந்தூர்பேட்டைப் பக்கத்து ஊர், பிளஸ் டூ முடித்து மேலே படிக்கப் பணம் சேர்க்க வந்தவர். மகனும் மருமகளும் கைது செய்யப்பட்டார்கள். அது போலீஸும் கோர்ட்டும் பார்க்க வேண்டிய விஷயம். ஊர் முழுக்க இருப்பது வேறு வகை வீடு. அங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை. மூன்று வேளையும் சாப்பாடு. தீபாவளிக்குச் சேலை. பேத்தி பெரியவளானால் ஒரு வெள்ளித் தட்டு. "எங்க வீட்ல ஒருத்தி மாதிரிதான்" என்று வாய் நிறையச் சொல்வார்கள், பொய்யாகவும் சொல்வதில்லை. எனக்கு விசாரிக்கத் தோன்றுவது இந்த நல்ல வீட்டைத்தான்.

முன்வாசலில் கோலம், பட்டாசாலையில் ஊஞ்சல், சுவரில் தாத்தாவின் பெரிய படம். அடுப்படி தாண்டினால் பின்கட்டு. துணி துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, ஒரு முருங்கை, மூலையில் ஒரு கழிப்பறை. அந்தத் தொட்டியின் விளிம்பில் ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். வீட்டில் அதே மாதிரி டம்ளர் இருபது இருக்கும். இதை மட்டும் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்கள் என்று சின்ன வயதில் நான் யோசித்ததுண்டு. அடியில் ஒரு நெளிவு, இல்லையென்றால் கழுத்தில் ஒரு கீறல், இல்லையென்றால் வேறு யாரோ ஒருவர் பெயர் பொறித்த பழைய மொய்ப் பாத்திரமாக இருக்கும். யாரும் அதைத் தனி டம்ளர் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அது அவ டம்ளர்" என்பார்கள், ஏதோ பரிசு கொடுத்த மாதிரி. இந்த டம்ளரில் காப்பி குடிக்கிறவர்தான் அந்த வீட்டின் அத்தனை டம்ளர்களையும் காலை, மதியம், ராத்திரி என்று விளக்கி அடுக்குகிறார் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

சாதி இதில் எவ்வளவு, வர்க்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுப்படிக்குள் வரக்கூடிய சாதி, வாசலோடு நிற்க வேண்டிய சாதி என்ற கணக்கு வேலைக்கு ஆள் தேடும்போதே முடிந்துவிடுகிறது. ஊர் எது என்று கேட்பார்கள். ஊர் பெரிதென்றால் தெரு எது என்று கேட்பார்கள். அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை. சமையலுக்கு ஒருவர், மேல்வேலைக்கு ஒருவர், கழிப்பறை கழுவ வாரம் இரண்டு நாள் வந்துபோக ஒருவர் என்று மூன்று பேர் ஒரே வீட்டில் வேலை பார்த்தால், அந்த மூன்று பேருக்குள்ளும் மேலே கீழே உண்டு. தனி டம்ளரில் குடிக்கும் பெண், கழிப்பறை கழுவ வருகிற பெண்ணுக்குத் தண்ணீரைக் கையில் ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ராஜபாளையத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. ராஜூக்கள், நாயக்கர்கள் என்று வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இங்கே அதிகம். வேலைக்கு வருகிறவர் பெரும்பாலும் தமிழ் மட்டும் தெரிந்தவர். ஆரம்பத்தில் அது வீட்டாருக்கு வசதி. சொத்துப் பேச்சு, சம்பந்தம் பேசுவது, வேலைக்காரரைப் பற்றிய பேச்சு எல்லாம் தெலுங்குக்கு மாறிவிடும். அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது மட்டும் தமிழில் வரும். இரண்டு வருஷம் போனால் அந்தத் திரை கிழிந்துவிடும் என்பது வீட்டில் பலருக்கும் தெரிவதே இல்லை. அப்படி ஒரு வீட்டில் பல வருஷம் இருந்த, வத்திராயிருப்புப் பக்கத்துப் பெரியம்மா ஒருவரிடம் கேட்டேன்: "அவுக பேசுறது ஒங்களுக்குப் புரியுமா பெரியம்மா?"

"எல்லாம் புரியும் பாப்பா. புரியிற மாதிரிக் காட்டிக்கிட மாட்டேன். காட்டிக்கிட்டா அவுக எங்கிட்டுப் போயிப் பேசுவாக, பாவம்?"

அந்த 'பாவம்' எனக்குப் பிடித்திருந்தது. யார் யாருக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று அதற்குப் பிறகு எனக்கே குழப்பம்.

கூப்பிடும் முறையையும் கவனிக்கலாம். இந்தப் பெரியம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. வீட்டு மருமகளுக்கு முப்பத்தைந்து இருக்கும். மருமகள் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இவர் மருமகளை "அம்மா" என்பார். மருமகளின் ஆறு வயது மகனை "தம்பி, வாங்க" என்று பன்மையில் அழைப்பார். அந்தப் பையன் "ஏய்" என்று கூப்பிட்டால் அம்மா அதட்டுவார்; நல்ல வீடு அல்லவா. அதட்டிவிட்டு, "பேர் சொல்லிக் கூப்பிடு" என்பார்.

பகலில் இப்படி. ராத்திரியில் நிலவரம் வேறு.

இந்த இரண்டு ஊரிலும் பெரிய வீடுகளில் இன்று மிச்சமிருப்பவர்கள் பெரும்பாலும் வயசாளிகள். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், டல்லாஸில், சிங்கப்பூரில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். நாட்டின் சராசரி அதைவிடக் குறைவு. மாட வீதியிலும் ரத வீதியிலும் நாலு கட்டு வீட்டில் ஒரு பாட்டி மட்டும் இருக்கும் காட்சி சாதாரணம். ஆகவே 'வீட்டோடு ஆள்' என்பதன் பொருளே மாறிவிட்டது. முன்பு சமைக்கவும், சாமான் விளக்கவும், பிள்ளை தூக்கவும் ஆள் வைத்தார்கள். இப்போது ஒரு முதிய உடம்பைப் பார்த்துக்கொள்ள வைக்கிறார்கள். வேலை பார்க்க வருகிறவரும் அதே வயதை நெருங்கிக்கொண்டிருப்பவர். மூட்டுவலி இரண்டு பேருக்கும் உண்டு. மூட்டுவலிக்கு மாத்திரை ஒருவருக்கு உண்டு.

ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டி கூப்பிடுகிறார். கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருப்பவர் எழுந்து, கைத்தாங்கலாக நிமிர்த்தி உட்கார வைத்து, கழிப்பறைக்கு நடத்திக் கூட்டிப்போய், உட்கார வைத்து, கழுவிவிட்டு, சேலையைச் சரிசெய்து, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைக்கிறார். சில ராத்திரியில் நடப்பதற்குள் நனைந்துவிடும். அப்போது வெந்நீர் வைத்து உடம்பு துடைத்து, துணி மாற்றி, விரிப்பை மாற்றி, நனைந்ததைப் பின்கட்டில் ஊறப்போட்டுவிட்டு வந்து படுக்க மூன்றரை ஆகும். நாலரைக்கு வாசல் தெளிக்க வேண்டும். அந்த நேரத்தில் தீட்டு, எச்சில், தூரம் எதுவும் கிடையாது. மகள்கூடத் தொடத் தயங்கும் இடங்களை இந்தக் கை தொடுகிறது. பயத்தில் பாட்டி அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்த இடுப்பில் புதைத்துக்கொள்வதும் உண்டு. ஐம்பது வருஷக் கதைகள் அந்த நேரத்தில் வெளியே வரும். மாமியார் செய்தது, புருஷன் செய்தது, பெற்று இழந்த பிள்ளை. பெற்ற மக்களிடம் சொல்லாததைச் சொல்வார்.

விடிந்ததும் காப்பி. பாட்டிக்கு வெள்ளி டம்ளரில், ஆற்றி, சூடு பார்த்துக் கொடுத்த பிறகு இவர் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கல்லில் உட்கார்ந்து குடிப்பார். பட்டாசாலையில் நாலு நாற்காலி காலியாகக் கிடக்கும். உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்ததும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது ஒரு நெருடல் வராமல் போகாது. இந்த ஊரின் பெருமையே ஒரு பெண் சூடிக் களைந்த மாலை. துளசி வனத்தில் கிடைத்த குழந்தை, பெற்றவர் யார், குலம் என்ன என்று தெரியாத பெண். பெருமாளுக்குக் கட்டிய மாலையை முதலில் தன் கழுத்தில் போட்டு அழகு பார்த்தாள். அபசாரம் என்று பெரியாழ்வார் பதறினார். அந்த மாலைதான் வேண்டும் என்று சுவாமி கேட்டார் என்பது கதை. இன்றைக்கும் புரட்டாசியில் ஆண்டாள் சூடிய மாலை திருப்பதிக்குப் போகிறது. சித்திரையில் அழகருக்காக மதுரைக்குப் போகிறது. ஒருவர் உபயோகித்தது தீட்டாகாது என்பதை இவ்வளவு பிரமாதமாக, மேளதாளத்தோடு, வருஷா வருஷம் சொல்கிற ஊர் வேறில்லை. ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டு வந்து, பின்கட்டுத் தொட்டியில் டம்ளரைக் கவிழ்த்து வைக்கிற வீடுகள் அந்தத் தேரோடும் வீதியிலேயே இருக்கின்றன.

இனி காசு. "வீட்ல ஒருத்தி மாதிரி" என்பது கணக்கில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு ஐம்பதாயிரம் கொடுத்தார்கள் என்று நன்றியோடு சொல்வார்கள். கொடுத்ததும் உண்மை. அதை எப்படிக் கழித்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் சரியாகத் தெரியாது. "அப்படியே சம்பளத்துல பிடிச்சாங்க." எத்தனை மாசம்? "அது ஆச்சு கொஞ்ச வருஷம்." பாதியில் பேரனுக்குக் காய்ச்சல், அதற்கொரு மூவாயிரம், திருவிழாவுக்கு ஆயிரம். நோட்டில் எழுதுவதில்லை, எழுதினாலும் அது அவர் கைக்கு வருவதில்லை. பல வீடுகளில் சம்பளமே அம்மாவிடம்தான் 'இருக்கும்'. "கையில குடுத்தா மகன் வந்து பிடுங்கிட்டுப் போயிருவான், அதான் நாங்க வச்சிருக்கோம்." மகன் பிடுங்குவதும் உண்மைதான். நல்ல வீடு என்பதால் காரணமும் நல்லதாகவே இருக்கிறது. ஆனால் தன் சம்பளத்தைத் தானே கேட்டு வாங்க வேண்டிய நிலையில் இருப்பவர் அதைச் சம்பளமாகக் கேட்க முடியாது, உதவியாகத்தான் கேட்க முடியும். உழைத்த காசு வீட்டாரின் கருணையாக மாறித் திரும்பி வருகிறது. கருணைக்கு நன்றி சொல்லலாம்; பாக்கி எவ்வளவு என்று கேட்க முடியாது. நல்ல வீட்டின் நயம் முழுக்க இதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

2018-இல் தமிழக அரசு வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. அனுபவமில்லாதவருக்கு மணிக்கு 37 ரூபாய். நேரத்துக்கு வந்து வேலை முடித்துப் போகிறவருக்கு அது கொஞ்சமாவது பிடிமானம். வீட்டோடு இருப்பவருக்கு எந்த மணியிலிருந்து எந்த மணி வரை எண்ணுவது? நாலரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிகிறது. நடுவே மத்தியானம் மூன்று மணி நேரம் கண்ணயர்ந்தார் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 14 மணி நேரம். அந்தப் பழைய 37-ஆல் பெருக்கினாலே ஒரு நாளைக்கு 518 ரூபாய், மாதத்துக்கு 15,540. ராத்திரி இரண்டு மணிக் கணக்கு இதில் சேரவில்லை. "சாப்பாடும் இடமும் குடுக்கிறோமே" என்பார்கள். பாட்டியின் அறையில் கட்டிலுக்குக் கீழே ஒரு பாய் விரிக்கிற இடத்துக்கு என்ன வாடகை போடலாம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அங்கே படுப்பதும் வேலையின் ஒரு பகுதி.

மில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் விளங்கும். பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கினார். அதற்குப் பிறகு இந்த வட்டாரமே ஷிப்ட் கணக்குக்குப் பழகிவிட்டது. 1948-இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம், ஒரு நாள் ஓய்வு, அதிக நேரத்துக்கு இரட்டைக் கூலி. பிறகு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., 1972-இல் பணிக்கொடைச் சட்டம். மில் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்துவைத்து, கடைசியில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொன்ன 'சுமங்கலித் திட்டம்' தமிழ்நாட்டு நூற்பாலைகளில் என்ன பாடு படுத்தியது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் மில்லில் சண்டை போடச் சட்டத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. பணிக்கொடை என்பது வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி, மாதத்தை 26 நாளாகக் கொண்டு. கடைசிச் சம்பளம் ஒன்பதாயிரம், முப்பது வருஷ வேலை என்றால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். இது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான். வீடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகையால் மில்லில் தொழிலாளிக்கு ஒரு நாள் தவறாமல் பி.எஃப். பிடித்துக் கட்டும் முதலாளி, தன் பாட்டியைத் தூக்கி இறக்கிய பெண்ணுக்கு எதுவும் தராமல் அனுப்பினால் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை.

சட்டம் முயற்சியே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 1959-லேயே நாடாளுமன்றத்தில் வீட்டுப் பணியாளர்களுக்காகத் தனிநபர் மசோதா வந்தது. அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தன, ஒன்றும் சட்டமாகவில்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரில் தடைசெய்யப்பட்டது. 2013-இன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாக ஏற்று, வீட்டுப் பணியாளரைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்கு 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி. பதிவு செய்ய வெளியே போக வேண்டும். வெளியே போக லீவு வேண்டும். 2025 ஜனவரி 29 அன்று நீதிபதிகள் சூர்ய காந்த், உஜ்ஜல் புயான் அமர்வு, வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஜெனீவாவில் 2011 ஜூன் 16 அன்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 189-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியபோது இந்தியா கை தூக்கி ஆதரித்தது. ஊருக்கு வந்து ஏற்பு முத்திரை குத்த மட்டும் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

சிங்கப்பூர் இந்த விஷயத்தில் வேடிக்கையான கண்ணாடி. அங்கே வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு 2013 முதல் சட்டம். அதற்குப் பதில் காசு கொடுத்துச் சமாளிக்கலாம் என்றிருந்ததால், 2023 முதல் மாதத்தில் ஒரு நாளாவது காசாக மாற்ற முடியாதபடி விட்டே ஆக வேண்டும் என்றார்கள். ராஜபாளையத்திலிருந்து போய் அங்கே குடியிருக்கும் மகன் வீட்டில் இந்தோனேசியப் பெண் ஒருவர் வேலை பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே போய்விடுவார், மகனும் மருமகளும் தாங்களே சமைத்துக்கொள்வார்கள். அதே மகன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ராஜபாளையத்தில் ஆள் வைக்கும்போது, லீவு என்ற பேச்சு வந்தால், "வயசானவங்கள விட்டுட்டு எப்படிப் போக முடியும்?" என்று கேட்பார். மனிதர் அதேதான். அங்கே விடாவிட்டால் அரசாங்கம் கேட்கும்.

வீட்டாரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் வயசாளிகளின் வீட்டில் திருட்டு, கொலை என்று பேப்பரில் படிக்கும்போது எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளைக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். ஆகையால் இப்போது புதிதாக வந்திருப்பது கேமரா. பட்டாசாலையில் ஒன்று, பாட்டி அறையில் ஒன்று. அமெரிக்காவில் விடியற்காலை எழுந்த மகன் போனில் பார்க்கிறார். இங்கே சாயங்காலம். பாட்டி தூங்குகிறார், இவர் தரையில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறார். சுவரிலிருந்து குரல் வருகிறது: "அம்மாவுக்கு மாத்திர குடுத்தாச்சா?" இவர் சுவரைப் பார்த்து எழுந்து நின்று, "குடுத்தாச்சு தம்பி" என்கிறார். முன்பு அம்மா அடுப்படியில் இருந்தால் பின்கட்டில் கொஞ்ச நேரம் கால் நீட்டலாம். இந்தக் கண்ணுக்கு ராத்திரி பகல் கிடையாது. பாட்டியின் அறைக் கேமரா, அங்கே படுத்துத் தூங்கும் இன்னொரு பெண்ணையும் ராத்திரி முழுக்கப் படம் பிடிக்கிறது என்பது மகனுக்குத் தோன்றவே இல்லை. சொன்னபோது உண்மையிலேயே சங்கடப்பட்டார்.

பாட்டி போன பிறகு என்ன ஆகும்? சாவு வீட்டில் முதல் மூன்று நாள் இவர்தான் எல்லாம். எந்தப் பாத்திரம் எங்கே, அம்மாவின் சாவி எங்கே, பட்டுச்சேலை எந்தப் பெட்டியில், எல்லாம் இவருக்குத்தான் தெரியும். விட்டு அழுவதும் இவர்தான். பிள்ளைகளுக்கு விமான அலுப்பு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பிள்ளைகள் உட்கார்ந்து பேசுகிறார்கள், தெலுங்கிலோ தமிழிலோ. வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா. அம்மாவின் பழைய சேலைகள், ஒரு பீரோ, கொஞ்சம் பாத்திரம், ஒரு தொகை இவருக்கு. தொகை அவரவர் மனசைப் பொறுத்தது. தாராளமாகக் கொடுத்து, ஊரில் வீட்டுக்கு ஓடு மாற்றிக் கொடுத்த குடும்பத்தையும் எனக்குத் தெரியும். ஐந்தாயிரத்தோடு பஸ் ஏற்றிவிட்ட குடும்பத்தையும் தெரியும். இரண்டும் நல்ல வீடுகள்தான். இரண்டு பெண்களும் பார்த்த வேலையும் ஒன்றுதான். பஸ்ஸில் இருந்து இறங்கிப் போகிற வீட்டில் மருமகள் தலையெடுத்து இருபது வருஷம் ஆகியிருக்கும். அங்கேயும் பின்கட்டில்தான் பாய்.

இத்தனைக்கும் நடுவே காற்று கொஞ்சம் திசை மாறிக்கொண்டிருக்கிறது. இந்தப் பெண்களின் பேத்திகள் கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜ் பஸ்ஸில் போகிறார்கள். படிக்காதவர்கள் தளவாய்புரத்தில் தையல் மிஷினில் உட்கார்கிறார்கள். வீட்டோடு போக யாரும் தயாரில்லை. "ஆளே கிடைக்கல" என்பது இரண்டு ஊரிலும் கல்யாண வீட்டுப் பேச்சாகிவிட்டது. ஏஜென்சிகள் முளைத்திருக்கின்றன, பெண்ணை அனுப்பும்போதே சம்பளம் இன்ன தேதிக்கு, லீவு இத்தனை நாள், இன்ன வேலைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். "பாசமே இல்ல, எல்லாம் காசுதான்" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் காகிதத்தின் மேல் மரியாதை உண்டு. பாசம் இருந்த காலத்தில் ஒன்றும் எழுதி வைக்காமல் போனதால் யாருக்கு நஷ்டம் என்று பார்த்தாயிற்று.

முன்பே சொன்ன பெரியம்மா வேலை பார்த்த வீட்டுப் பாட்டி போய்விட்டார். அவருக்கு இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. நான் கூட இருக்கும்போதுதான் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசினார். வீட்டம்மா என்னென்ன வேலை என்று சொல்லி முடிக்கும்வரை 'ம்' கொட்டினார். பிறகு இவர் கேட்கத் தொடங்கினார்.

"அய்யாவுக்கு எத்தன கிலோ இருக்கும்மா? நான் ஒத்தையில தூக்கணும்ல."

"அறுபது கிலோ இருப்பாக."

"கக்கூஸ் கீழயா மாடியிலயா?"

"கீழதான்."

"எனக்குப் படுக்கக் கட்டில் வேணும். முட்டி வலிக்கு. கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல."

ஒரு கணம் சத்தமில்லை. "போட்டுத் தாரோம்."

"சம்பளத்த மாசம் அஞ்சாந் தேதி என் பேத்தி பேங்க்கு நம்பர்ல போட்டுருங்க. ஞாயித்துக்கிழம காலையில போனா சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துருவேன்."

"எல்லாம் சரி. ஞாயித்துக்கிழம மட்டும் கொஞ்சம் கஷ்டம். எங்க வீட்ல ஒருத்தி மாதிரி வச்சுக்கிடுவோம், ஒங்களுக்கு அங்க போயி என்ன வேல?"

"பேத்திக்குத் தல பின்னி விடணும்" என்றார் பெரியம்மா. "யோசிச்சுட்டுப் போன் பண்ணுங்கம்மா. ராசபாளையத்துலயும் ஒரு வீட்ல கேட்டுருக்காக."